"நாக்" என்றால் மூக்கு, "புல்" என்றால் புல்: இதில் எது தற்செயல்?

மருந்துக்கடை_சேலம் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். சேலம் புதிய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில் மெடிக்கல் வைத்திருக்கிறேன். மொழி ஆராய்ச்சிக்கும் எனக்கும் சம்பந்தமில்லை, ஆனால் போன வாரம் நடந்த ஒன்று மனதை விட்டுப் போகவில்லை, அதனால் கேட்கிறேன்.

ராத்திரி பத்து மணி இருக்கும், பாதி ஷட்டரை இறக்கிவிட்டேன். பக்கத்தில் கட்டிட வேலை செய்கிற வடநாட்டுப் பையன் ஒருவன் வந்து "நாக் பந்த், நாக் பந்த்" என்று இரண்டு மூன்று தடவை சொன்னான். எனக்கு ஹிந்தியில் ரூபாய் எண்ணத் தெரியும், அதோடு சரி. நாக் என்றது எனக்கு நாக்கு என்றே காதில் விழுந்தது. பந்த் என்றால் கடையடைப்பு, அது தெரியும். சரி, நாக்கில் ஏதோ பிரச்சினை, வாய்ப்புண் வந்து சாப்பிட முடியவில்லை போல என்று நானே முடிவு செய்து, பி காம்ப்ளெக்ஸ் ஒரு அட்டையும் வாயில் தடவுகிற ஜெல்லும் கொடுத்து அனுப்பினேன். மூன்றாம் நாள் கொஞ்சம் தமிழ் தெரிந்த கூட்டாளியைக் கூட்டிக்கொண்டு வந்தான். "அண்ணா, இவனுக்கு மூக்கு, மூக்கு அடைப்பு" என்று அந்தக் கூட்டாளி தன் மூக்கைத் தொட்டுக் காட்டினான். பையன் இரண்டு ராத்திரி வாயைத் திறந்துகொண்டே தூங்கியிருக்கிறான், உதடெல்லாம் வெடித்திருந்தது. விட்டமின் மாத்திரையோடு போயிற்று. வேறு மருந்தாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்னும் வயிற்றைக் கலக்குகிறது.

இதை வீட்டில் சொன்னேன். காலேஜ் படிக்கிற என் பொண்ணு கொரியன் சீரியல் நிறையப் பார்ப்பாள். "ஹிந்தியில்தான் அப்பா இப்படி மாறி வருது, கொரியன்ல பாருங்க, அம்மாவுக்கு ஒம்மா, அப்பாவுக்கு அப்பா, நீ-க்கு நீ, நாளுக்கு நல், புல்லுக்குப் புல்லேதான், கொரியன் தமிழ்ல இருந்துதான் வந்திருக்கு" என்கிறாள். எனக்கும் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நாக் என்ற சத்தம் என்னை ஏமாற்றியதென்றால், புல் என்ற சத்தம் மட்டும் எப்படி உண்மையைச் சொல்லும்? இரண்டையும் பிரித்துப் பார்க்க விஷயம் தெரிந்தவர்கள் எதை வைத்து அளக்கிறார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


அம்மாப்பேட்டை_தறி:

அண்ணா, நாங்கள் சௌராஷ்டிரர், பட்டுத் தறி. வாசலுக்கு உள்ளே ஒரு மொழி, வெளியே தமிழ், அதனால் இந்தக் குழப்பத்திலேயே பிறந்து வளர்ந்தவன் நான். சின்ன வயதில் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. தமிழில் எட்டு, இங்கிலீஷில் எய்ட், இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கிறது. எங்கள் வீட்டு மொழியில் எட்டுக்கு ஆட். அது மட்டும் கொஞ்சம் தள்ளி நிற்கிறது. உண்மை நேர்மாறு என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

எய்ட் என்பதை எழுதும்போது நடுவில் ஜி, ஹெச் என்று இரண்டு எழுத்து வாய் திறக்காமல் நிற்கிறதே, அது ஒரு காலத்தில் தொண்டையிலிருந்து உச்சரித்த சத்தம். ஜெர்மனில் இன்றைக்கும் "ஆக்ட்" என்கிற மாதிரி சொல்கிறார்கள். லத்தீனில் ஒக்தோ, சமஸ்கிருதத்தில் அஷ்ட. அந்த அஷ்டதான் தேய்ந்து ஹிந்தியிலும் எங்களிடமும் ஆட் ஆகியிருக்கிறது. இப்போது தமிழ் எட்டைப் பாருங்கள். எண்பது, எண்ணூறு, எண்திசை என்று எங்கே போனாலும் உள்ளே "எண்" இருக்கிறது, கன்னடத்தில் எண்டு என்றே சொல்கிறார்கள். ஆக தமிழ் எட்டுக்குள் இருப்பது ண், இங்கிலீஷ் எட்டுக்குள் இருந்தது க் மாதிரி ஒரு சத்தம். வேறு வேறு இடத்திலிருந்து தேய்ந்து வந்து ஒரே இடத்தில் நிற்கிறது. இங்கிலீஷ் எய்டுக்குச் சொந்தம் எங்கள் ஆட்தான். காதை நம்பினால் தப்பு என்று எனக்கு உறைத்தது இந்த ஒரு சொல்லில்தான்.

இன்னொன்று, உங்களுக்கு நடந்ததில் பாதிக் குற்றம் நம் எழுத்துடையது. ஹிந்தியில் கணம், பழம், பலம் மூன்றுக்கும் மூன்று தனிச் சத்தம், நாம் தமிழில் எழுதினால் மூன்றும் "பல்". நமக்கு அது வாயில் இருக்கிற பல். அவர்களிடம் ப-வுக்கு நான்கு எழுத்து, நம்மிடம் ஒன்று. ஆகவே நமக்கு மற்றவர்களைவிட அதிகமாகவே "ஒரே மாதிரி" கேட்கும். அவர்கள் பால் என்றால் தலைமுடி, மோர் என்றால் மயில். கடையில் இருப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டியதுதான்.


மேட்டூர்_கரை:

மேலே தறி அண்ணன் சொன்னதற்கு மறுபக்கம் நான் சொல்கிறேன். எங்கள் பாட்டி கர்நாடகத்துக் கொள்ளேகால் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர், பேச்சு கன்னடம், கடைசி வரைக்கும் மாட்டுக்கு "ஹுல்லு ஹாகு" என்றுதான் சொல்வார். புல் போடு என்று அர்த்தம். சின்னப் பிள்ளையில் எனக்கு அது வேறு ஏதோ சொல் என்றே எண்ணம், ஹுல்லுவும் புல்லும் ஒன்று என்று தோன்றவே இல்லை. அப்புறம் ஒருநாள் திண்ணையில் உட்கார்ந்து பாட்டி பேச்சையும் அம்மா பேச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பால், ஹாலு. பல், ஹல்லு. பத்து, ஹத்து. புலி, ஹுலி. பாம்பு, ஹாவு. பூ, ஹூ. பெயர், ஹெசரு. போ என்பதற்கு ஹோகு. நம்மிடம் ப-வில் தொடங்கும் வீட்டுச் சொல் ஒவ்வொன்றாக அங்கே ஹ-வில் வந்து நின்றது. பழைய கன்னடக் கல்வெட்டுகளில் ப-வாகவே இருந்து, பின்னால் ஹ ஆகியிருக்கிறது.

மருந்துக்கடை அண்ணன் கேட்ட அளவுகோல் இதுதான் என்று நினைக்கிறேன். ஒரு சொல் அப்படியே ஒத்துப்போகிறதா என்று பார்க்கக் கூடாது. மாறியிருக்கட்டும், ஆனால் மாறியது ஒரே மாதிரி மாறியிருக்கிறதா, வரிசையாக மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கூடப்பிறந்தவர்கள் பல நேரம் ஒரே முகத்தோடு இருப்பதில்லை. எங்கள் அப்பாவும் சித்தப்பாவும் பக்கத்தில் நின்றால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.


முதல்மொழி_தமிழ்:

எல்லாவற்றையும் தற்செயல் என்று தள்ளுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஜப்பானில் சுசுமு ஓனோ என்ற பெரிய அறிஞர், தன் தாய்மொழியான ஜப்பானிய மொழியில் ஊறியவர், தமிழ்நாட்டுக்கே வந்து ஆராய்ந்து, ஜப்பானியத்துக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என்று 1980லேயே புத்தகம் போட்டார். ஹல்பர்ட் என்ற அமெரிக்கப் பாதிரியார் கொரியாவில் இருந்துகொண்டு 1905இல் கொரிய இலக்கணத்தையும் திராவிட இலக்கணத்தையும் ஒப்பிட்டு எழுதினார். இவர்களுக்குத் தமிழ்ப் பாசமா? வெளிநாட்டுக்காரர்களே சொல்லும்போது நாம் ஏன் கூச்சப்பட வேண்டும்? தமிழில் வினை கடைசியில் வருகிறது, கொரியனிலும் அப்படியே. பொண்ணு சொன்னதில் விஷயம் இருக்கிறது அண்ணா, அவளைத் தடுக்காதீர்கள்.


பழைய_வாத்தியார்:

தம்பி முதல்மொழிக்கு முதலில். ஓனோ 2008இல் காலமானார், கடைசி வரை அந்தக் கருத்தில் உறுதியாக நின்றார், தமிழைக் கற்றுக்கொண்டு உழைத்தார், அதற்காக அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஹல்பர்ட் மேலும் அதே மரியாதைதான். ஆனால் பெரும்பாலான மொழியியலாளர்கள் இரண்டையும் ஏற்கவில்லை. காரணம் மேட்டூர்த் தம்பி சொன்னதுதான், வரிசை நிற்கவில்லை. வினை கடைசியில் வருவது துருக்கியிலும் உண்டு, உலகில் எத்தனையோ மொழிகளில் உண்டு, அது சொந்தத்துக்குச் சாட்சி ஆகாது. தமிழ் பெரிய மொழி என்று சொல்ல நமக்குச் சங்கப் பாட்டு இருக்கிறது, கொரியாவின் சாட்சி வேண்டியதில்லை.

இப்போது பொண்ணு சொன்ன சொற்களுக்கு வருகிறேன், ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமான தற்செயல், அதனால் கொஞ்சம் நீளும்.

அம்மா, அப்பா. குழந்தை முதலில் உதட்டை ஒட்டித் திறந்து எழுப்பும் சத்தம் மா, பா, அதைப் பெற்றவர்கள் தங்களைக் கூப்பிடுவதாக எடுத்துக்கொள்கிறார்கள். ரோமன் யாக்கப்சன் என்ற மொழியியலாளர் 1960 வாக்கில் இதை விளக்கி எழுதினார். ஜார்ஜிய மொழியில் மாமா என்றால் அப்பா, தேதா என்றால் அம்மா. மா அங்கே அப்பாவிடமும், பல்லில் நாக்குப் படும் சத்தம் அம்மாவிடமும் போய், ஆள் மாறிவிட்டார்கள்.

நீ. கொரியனில் உன்னைக் குறிக்கும் சொல் "நொ" என்பதற்கு நெருக்கமானது. எழுத்தில் "நெகா" என்று எழுதுவதைப் பேச்சில் "நீகா" என்கிறார்கள், ஏனென்றால் "நான்" என்பதற்கான சொல்லும் இதுவும் இக்காலத்தில் ஒரே சத்தமாகிவிட்டன. நானா நீயா என்று குழம்பக் கூடாதென்று அண்மைக் காலத்தில் மாற்றிக்கொண்ட உச்சரிப்பு அது. சீன மொழியிலும் நீ என்றால் நீதான். அதை வைத்து யாரும் சீனம் தமிழிலிருந்து வந்தது என்று சொல்வதில்லை.

புல். இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. கொரியனில் புல் என்றால் புல், அதே சத்தத்துக்குப் பசை என்றும் அர்த்தம். கொஞ்சம் மூச்சு குறைத்து வேறு மாதிரிச் சொன்னால் நெருப்பு. ஆனால் கொரிய எழுத்து உருவான 15ஆம் நூற்றாண்டில் எழுதி வைத்திருப்பதைப் பார்த்தால், நடுவில் உ இல்லை. "அது, இது" என்று பேச்சில் முடிக்கும்போது வருகிற குற்றியலுகரம் போன்ற ஒரு சத்தம். உதட்டில் பிறக்கும் எழுத்துக்குப் பின்னால் வந்ததால் பிறகு உ ஆகியிருக்கிறது, தண்ணீர், நெருப்பு, புல் மூன்று சொல்லுக்கும் அங்கே ஒரே கதை. நம் புல்லோ குறள் 16இல் "பசும்புல்" என்று உகரத்தோடு நிற்கிறது. பின்னோக்கிப் போகப் போக உறவினர்கள் நெருங்க வேண்டும். இவர்கள் விலகுகிறார்கள்.

நாள், நல். இது பழைய கொரியனிலும் நல்தான், ஒத்துக்கொள்கிறேன். சரி, அப்படியானால் நம் ள் அங்கே ல் ஆகிறது என்று வைத்துக்கொண்டு தோள், வாள், முள் எல்லாம் வருகிறதா பாருங்கள். தோளுக்கு ஒக்கே, முள்ளுக்குக் காசி, வாளுக்குக் கல். கண்ணுக்கு நுன், மூக்குக்குக் கோ, கைக்குச் சோன். வீட்டுக்குள் புழங்கும் சொற்கள் எதுவும் சேரவில்லை, ஒரே ஒரு நாள் மட்டும் எட்டிப் பார்க்கிறது.

ஆஸ்திரேலியாவின் வடகிழக்கில் ம்பபரம் என்று ஒரு பழங்குடி மொழி இருந்தது. டிக்சன் என்ற மொழியியலாளர் 1960களில் அந்த மொழி தெரிந்த முதியவரிடம் சொற்களைக் கேட்டு எழுதும்போது, நாய்க்கு என்ன சொல் என்று கேட்டிருக்கிறார். வந்த பதில் "டாக்". இங்கிலீஷ் சொல்லைச் சொல்கிறாரோ என்று யாருக்கும் சந்தேகம் வரும். அக்கம்பக்கத்து மொழிகளில் நாய்க்கு "குடகா". தலையெழுத்தும் வாலும் தேய்ந்து டாக் ஆகியிருக்கிறது, இங்கிலீஷோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. சத்தமும் ஒன்று, அர்த்தமும் ஒன்று, அப்படியும் தற்செயல்.


கொலுசுப்பட்டறை:

வாத்தியார் ஐயா, அப்படியானால் நம்ம ஊர்ப் பெயரே இந்தக் கதைதானே? அமெரிக்காவில் சேலம் என்று ஊர்கள் இருக்கிறது. என் பையன் ஆன்லைனில் ஊரைப் பற்றித் தேடினால் சூனியக்காரிகள் வழக்கு என்று வருகிறது, பயந்துவிட்டான்.


பழைய_வாத்தியார்:

ஆமாம் தம்பி, அதுவும் இதேதான். மசாசூசெட்ஸில் இருக்கும் சேலத்தில் 1692இல் அந்த வழக்குகள் நடந்தன. அங்கே குடியேறியவர்கள் 1629இல் பைபிளிலிருந்து பெயர் எடுத்து வைத்தார்கள், தமிழ் பைபிளில் அது சாலேம். சமாதானம் என்ற பொருளுள்ள எபிரேயச் சொல்லோடு சேர்ந்தது. நம் சேலத்துக்கு மலை என்று பொருள்படும் சைலத்திலிருந்து என்று ஒரு விளக்கம், சேரர் பெயரோடு சேர்ந்த சேரலத்திலிருந்து என்று இன்னொன்று. எதுவாக இருந்தாலும் எபிரேயம் இல்லை. ஆனால் எபிரேய ஷாலோமும் நம் முஸ்லிம் அன்பர்கள் சொல்லும் சலாமும் நிஜமான உடன்பிறப்பு. தலைக்கு எபிரேயத்தில் ரோஷ், அரபியில் ரஸ். நாக்குக்கு லஷோன், லிசான். ஷ வரும் இடத்தில் ஸ வரிசையாக வருகிறது பாருங்கள், பால் ஹாலு மாதிரி.


காப்பிக்காடு_ஏற்காடு:

நான் ஏற்காட்டில் ஒரு எஸ்டேட்டில் மேஸ்திரி வேலை பார்க்கிறேன். மருந்துக்கடை அண்ணன் நாக் என்றதும் எனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எங்களிடம் பழம் பறிக்கிற சீசனுக்கு ஜார்க்கண்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். எல்லாரும் ஹிந்திக்காரர்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் சாயங்காலம் மூட்டையை எடைக்குப் போடும்போது, கைகால் எல்லாம் பழத் தோலின் பிசுபிசுப்பு, ஒரு அம்மா தனக்குள்ளே எண்ணிக்கொண்டிருந்தார். மூன்றாவது மூட்டைக்கு "மூந்த்", நான்காவதுக்கு "நாக்". எனக்குக் கை நின்றுவிட்டது. ஹிந்தியில் தீன், சார் என்றுதானே வர வேண்டும். ஐந்தாவது மூட்டைக்கு ஹிந்தி மாதிரியே சொன்னார். என்ன பாஷை என்று கேட்டேன், குடுக் என்றார்.

அன்றைக்கு ராத்திரி லைன் வீட்டு வாசலில் உட்கார்ந்து உடம்பைத் தொட்டுத் தொட்டுக் கேட்டேன். பல்லுக்குப் பல். கண்ணுக்கு கன், ஆனால் முதல் எழுத்தைத் தொண்டையைக் காறுகிற மாதிரிச் சொல்கிறார்கள். காதைத் தொட்டால் கெப்தா. நீ என்பதற்கு நீன், நான் என்பதற்கு ஏன். நான் "நாங்க பல்லுன்னுதான் சொல்றோம்" என்று என் பல்லைக் காட்டியதும் அந்த அம்மா பக்கத்திலிருந்தவரைக் கூப்பிட்டுச் சொல்லி, என்னைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்.

வாத்தியார் ஐயா, இது வரிசைதானா, இல்லை நானும் ஏமாறுகிறேனா? அவர்களோடு வந்த இன்னொருவர் முண்டாரி பேசுகிறார், அதில் ஒரு சொல்கூட எனக்கு ஒட்டவில்லை.


பழைய_வாத்தியார்:

ஏமாறவில்லை தம்பி. குடுக், ஒராவோன் மக்களின் மொழி, திராவிட மொழிதான். 2011 கணக்கெடுப்பில் சுமார் 20 லட்சம் பேர் பேசுவதாக இருக்கிறது. 1856இல் கால்டுவெல் எழுதிய ஒப்பிலக்கணத்திலேயே இதற்கு இடம் உண்டு. காதுக்குச் சொன்ன கெப்தா என்ன என்று நினைக்கிறீர்கள்? நம் செவி. மேட்டூர்த் தம்பியின் பாட்டி கிவி என்றிருப்பார். தமிழில்தான் க தேய்ந்து ச ஆகியிருக்கிறது, சேரலம் கேரளம் மாதிரி. அவர்களிடம் அந்தப் பழைய க தொண்டைக்குள் போய்க் கரகரக்கிறது, கண்ணிலும் அதே கரகரப்பு, செவியிலும் அதே. நீன் என்பதைக் கன்னட நீனுவோடு வைத்துப் பாருங்கள். முண்டாரி வேறு குடும்பம், சந்தாலிக்குச் சொந்தம், அதனால்தான் ஒட்டவில்லை.

முதல்மொழித் தம்பி, இதையும் கொஞ்சம் யோசியுங்கள். நம் ரத்தச் சொந்தம் மூட்டை எண்ணிக்கொண்டு நம் பக்கத்திலேயே நிற்கிறது.


முதல்மொழி_தமிழ்:

நாக் என்றால் நான்கு என்று படித்ததும் இரண்டு தடவை திரும்பப் படித்தேன் ஐயா. குடுக் மொழி பற்றி இதுவரை நான் கேள்விப்பட்டதே இல்லை. ஓனோ விஷயத்தில் இன்னும் எனக்கு மனம் ஒப்பவில்லை, ஆனால் தோள், வாள், முள் சோதனையை ஜப்பானியத்தில் நானே செய்து பார்க்கப் போகிறேன். தொடங்கியதும் கனி என்றால் நண்டு, உமி என்றால் கடல் என்று வருகிறது.


அம்மாப்பேட்டை_தறி:

தெலுங்கில் குக்க என்றால் நாய், பின்லாந்து மொழியில் அதே குக்க பூ. தேடினால் இப்படி வந்துகொண்டேதான் இருக்கும் தம்பி, தோள், வாள் சோதனையை விடாதீர்கள்.


மருந்துக்கடை_சேலம்:

எல்லாருக்கும் நன்றி, கடையில் கூட்டம், இப்போதுதான் முழுக்கப் படித்தேன். பொண்ணிடம் ஹாலு, ஹல்லு, ஹுல்லு வரிசையைக் காட்டினேன். அவள் பதில் சொல்லாமல் நோட்டை எடுத்துக் கொரியன் சொல்லும் தமிழ்ச் சொல்லும் இரண்டு கட்டமாக எழுத ஆரம்பித்திருக்கிறாள்.

அந்தப் பையன் நேற்று வந்தான், மூக்கு சரியாகிவிட்டது. ஏற்காட்டுத் தம்பி சொன்னதைப் படித்த ஆசையில் வீட்டில் என்ன பேசுவாய் என்று கேட்டேன். பீகார், வீட்டில் போஜ்புரி. சொந்தம் இல்லை. பரவாயில்லை, அவனையே உட்கார வைத்து ஒரு அட்டையில் எழுதி பில் போடும் இடத்தில் ஒட்டியிருக்கிறேன்: நாக் மூக்கு, ஜீப் நாக்கு, தாந்த் பல், கான் காது, கலா தொண்டை, பேட் வயிறு. ஒவ்வொன்றையும் அவன் தொட்டுக் காட்டிய பிறகுதான் எழுதினேன். தறி அண்ணன் ஒருமுறை பார்த்துத் தப்பிருந்தால் திருத்துங்கள். ஒடியாவும் வங்காளமும் பேசுகிற ஆட்களும் நம் கடைக்கு வருகிறார்கள், இதே ஆறு சொல் அந்த மொழிகளில் தெரிந்தவர்கள் இங்கேயே போட்டால் அதையும் எழுதி ஒட்டிவிடுவேன்.